ஒட்டியிருந்த பதினாறு பக்கங்கள்

உண்மையின் விலை என் கடையில் பதினெட்டு. பேரம் பேசத் தெரிந்தவருக்குப் பதினாறு. அந்த விலைக்குப் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட பேப்பர் கத்தி ஒன்று கிடைக்கும். மடக்கினால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். அதை வைத்து அட்டைப்பெட்டி மட்டும்தான் கிழிக்கலாம் என்று போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு பெரிய மனிதர்களின் மானத்தையும் கிழிக்கலாம் என்று அதன் உறையில் எங்கும் அச்சிட்டிருக்கவில்லை.

அந்த நால்வரில் நானும் ஒருவன்.

என்னுடையது ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய் விற்கிற கடை. மாடியில் சரக்கு அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அறையில், பெயிண்ட் டப்பாக்களுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவில், உலகப் போர்கள் நடக்கும். ராணுவ வரலாற்றுப் புத்தகங்களைப் படித்து, ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்கிற வட்டம் எங்களுடையது. அதில் இருந்தவர்கள் யாரும் கோபமாக ஒரு கதவைக்கூட அறைந்து சாத்தியதில்லை.

முதலில் பல் டாக்டர். போர் வியூகம் பற்றி அவருடைய கருத்து வேண்டுமென்றால் முன்பதிவு செய்ய வேண்டும். கேட்பவர் வாயைத் திறந்தபடி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். ஊரில் எதிர்க்கருத்தே வராத ஒரே மேடை அதுதான். அடுத்தது பேங்க் சார். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் துணிந்து ஒருவருக்குக் கடன் கொடுத்ததில்லை. ஆனால் புத்தகத்தில் எந்தத் தளபதியாவது ஒரு நிமிடம் யோசித்தால் போதும், ஓரத்தில் பென்சிலால் ‘கோழை’ என்று எழுதிவிடுவார். மூன்றாவது டெய்லர். போரில் யார் ஜெயித்தார்கள் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். யாருடைய சீருடை தோளில் சரியாக உட்கார்ந்தது என்பதே விஷயம்.

நான் வியாபாரக் குடும்பம். அப்பா ஒரு கல்லா, பெரியப்பா ஒரு கல்லா, சித்தப்பா ஒரு கல்லா. மூன்று பக்கமும் பேரம் நடக்க, நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவன். ‘இந்தப் பொருள் எப்படி இருக்கும்?’ என்று ஒருவர் கேட்டால் ‘தெரியாது’ என்பது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. விற்கிற பெயிண்டை நக்கிப் பார்த்துவிட்டா விற்கிறேன்? அதே தர்மப்படிதான் புத்தகங்களையும் சிபாரிசு செய்து வந்தேன்.

“வீட்ல ஒரு பல்லி வந்தா நாற்காலி மேல ஏறி நிக்கறீங்க. மாடியில போய் அப்படி எந்த நாட்டைப் புடிக்கறீங்க?” என்று என் மனைவி கேட்பாள். பெரிய தளபதிகளுக்கும் வீட்டில் இதே நிலைதான் என்று டாக்டர் சொன்னார். எந்தப் புத்தகத்தில் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது எங்கள் வட்டத்தில் நாகரிகமில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவன் நான். வட்டத்துக்கு வாங்குகிற ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். படித்தவர் அதில் தன் தொழிலை எழுதி, எத்தனையாவது பக்கத்தில் நிறுத்தினார் என்று குறிக்க வேண்டும். கடைசிவரை படித்திருந்தால் ‘முழுதும்’ என்று எழுதலாம். பக்கத்தில் ஒரு வரி அபிப்பிராயம். ‘முழுதும்’ போட்டவருக்கு மட்டுமே அந்தப் புத்தகத்தை அடுத்தவருக்குச் சிபாரிசு செய்யும் உரிமை. மின்விசிறிக்கு உத்தரவாதச் சீட்டு கொடுப்பதில்லையா, அது மாதிரி. சட்டம் வந்த நாளிலிருந்து எங்கள் சீட்டுகளில் ‘முழுதும்’ தவிர வேறு சொல் கிடையாது. சட்டம் எவ்வளவு சிறப்பாக வேலை செய்கிறது என்று நாங்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வோம்.

இந்த நிலையில்தான் டிரைவர் வந்தார்.

டிரைவர் என்றால் எங்கள் கடைக்கு வேனில் சரக்குக் கொண்டுவருகிறவர். ஐம்பத்தாறு ஐம்பத்தேழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் டப்பாக்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, கீழைக்கரைப் பின்வாங்கல் பற்றி நாங்கள் மோதிக்கொண்டிருந்தோம். முப்பது வருடத்துக்கு முந்தைய போர். எங்கள் ராணுவம் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டுப் பாலத்தைத் தகர்த்தது. பேங்க் சார் ஸ்டேப்ளரைப் பாலமாகவும் குண்டூசி டப்பாவை எதிரியாகவும் வைத்து, “நானா இருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே வெடிக்க வெச்சிருப்பேன்” என்றார்.

“நல்லவேளை சார், நீங்க இல்ல” என்றார் டிரைவர், டப்பாவை இறக்கி வைத்தபடி. “நான் அந்தப் பாலத்துமேலதான் வந்தேன்.”

எங்கள் வட்டத்தில் போரைப் பார்த்தவர் ஒருவர் நுழைந்தது அதுவே முதல்முறை. கொஞ்சம் அசௌகரியமாக இருந்தது.

அவர் ராணுவத்தில் சமையல் பிரிவின் லாரி ஓட்டியவராம். அன்றைக்கு எல்லாரும் ஏறியபின், இவருடைய நண்பரான சமையல்காரர், புது அண்டா ஒன்றை விட்டுவிட்டோம் என்று இறங்கி ஓடினார். இவர் லாரியை நிறுத்திக் காத்திருந்தார். நண்பர் வரவில்லை. இவர் பாலத்தைக் கடந்தார். பாலம் போயிற்று. நண்பரும் அந்தக் கரையோடு போனார்.

“அவன் பொண்ணுதான் எதிர்த்த மருந்துக்கடை” என்றார் டிரைவர். “அப்போ அதுக்கு எட்டு வயசு. உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே நான் பயந்து வண்டியை எடுத்துட்டேன்னு யாரோ சொல்லிட்டாங்க. மாசாமாசம் பிரஷர் மாத்திரை அங்கதான் வாங்கறேன். வேற கடைக்குப் போகலாம், போக மாட்டேன். கவரைத் தள்ளி வைக்கும். விலையைச் சுவத்தப் பாத்துச் சொல்லும். முப்பது வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“நீங்க நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே?” என்றார் டெய்லர்.

“என் வாயால சொன்னா யாரு நம்புவா? எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அஞ்சு நிமிஷம் நின்னேனா, பத்து நிமிஷம் நின்னேனா... உத்தரவு எப்ப வந்துச்சு, வண்டி எப்பப் போச்சுன்னு அச்சுல இருந்தா காட்டலாம். அப்படி ஏதாவது புத்தகம் இருக்கா முதலாளி?”

நல்ல மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் வாசலில் நின்று கேட்கிறார். எனக்குக் கை பரபரத்தது. அலமாரியிலிருந்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கச் செங்கல் ஒன்றை உருவினேன். அந்தப் போரின் முழு வரலாறு.

“டிரைவர் அண்ணே, இதுல இல்லாதது எதுலயும் இல்ல. பாலமா? தாராளமா இருக்கு.”

“எத்தனாவது பக்கம்?”

“அப்படித் தனியா ஒரு பக்கம் படிச்சா ருசிக்காது. மொத்தமாப் படிங்க” என்றேன். என்ன ஒரு சமாளிப்பு! எங்கள் பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் தன் கல்லாச் சாவியையே என்னிடம் கொடுத்திருப்பார்.

பின்னட்டைச் சீட்டைக் காட்டினேன். பல் டாக்டர்: ‘முழுதும். முடிவு கண்ணீரை வரவழைத்தது.’ பேங்க் சார்: ‘முழுதும். பின்வாங்கும் அத்தியாயம் அபாரம். இரண்டு முறை படித்தேன்.’ டெய்லர்: ‘முழுதும். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.’ கடைக்காரர், அதாவது நான்: ‘முழுதும். இதற்குமேல் ஒரு பேச்சில்லை.’

டிரைவர் அந்தச் சீட்டை, மருந்துச் சீட்டைப் படிப்பது போல, மெதுவாகப் படித்தார். “நாலு பேரும் முடிச்சிருக்கீங்க. அப்போ நம்பி எடுத்துட்டுப் போறேன்” என்றார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் புத்தகம் வேனின் முன்சீட்டில் இருந்தது, பழைய டவலில் சுற்றப்பட்டு. சரக்கு இறக்க வேண்டிய இடங்களில், ஆள் வரும்வரை, வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் படிப்பாராம். வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் கேள்வி வரும்.

“முதலாளி, அந்த ரெண்டாவது தளபதி மூணாவது அத்தியாயத்துல ஒண்ணு சொல்றாரு, ஏழாவதுல வேற சொல்றாரு. எது சரி?”

“அதுதான் அண்ணே புத்தகத்தோட அழகே” என்பேன். அவரும் தலையாட்டிக்கொண்டு போவார். மனசாட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் கடையில் அந்த வாரம் குழாய் வியாபாரம் நன்றாக இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட்டம் கூடியிருந்தபோது, டிரைவர் படியேறி வந்தார். டவலைப் பிரித்தார். முகத்தில் குற்றவாளிக் களை.

“தப்பா நெனச்சுக்காதீங்க. புத்தகத்துக்கு ஏதோ பண்ணிட்டேன் போல. நானூறு பக்கம் வந்தேன். பின்வாங்கற கதை அங்கதான் ஆரம்பிக்குது. அதுக்கப்புறம் தாள் தாளாப் பிரிய மாட்டேங்குது. தண்ணி ஏதும் படல, சத்தியமா. நீங்கள்லாம் எப்படிப் படிச்சீங்க? அதுக்குன்னு ஏதாவது முறை இருக்கா?”

மேசையில் வைத்தார். நானூற்றொன்று முதல் நானூற்றுப் பதினாறு வரை. அச்சகத்தில் வெட்டு விழாத தாள்கள். மேலேயும் பக்கவாட்டிலும் மடிப்பு மடிப்பாக, மூடிய உறை மாதிரி இருந்தன. உள்ளே எழுத்து இருப்பது தெரிந்தது. ஒரு வரிகூடப் படிக்க வழியில்லை.

நாங்கள் நால்வரும் அந்தப் பக்கங்களை, எல்லையில் புதிதாக முளைத்த எதிரிப் படையைப் பார்ப்பது போலப் பார்த்தோம்.

“இது... மழைக்காலத்துல ஒட்டிக்கிட்டிருக்கும்” என்றார் பேங்க் சார்.

“மழையே பெய்யலையே” என்றார் டிரைவர், உதவி செய்கிற எண்ணத்தில்.

“நான் என் கிளினிக் கண்ணாடியை உள்ள விட்டுப் படிச்சேன்” என்றார் டாக்டர். பல்லின் பின்பக்கம் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியைச் சொன்னார். “கொஞ்சம் பொறுமை வேணும்.”

“எழுத்து தலைகீழாத் தெரியுமே சார்?”

“பழகிடும்.”

டெய்லர் மட்டும் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மடிப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். எங்களைப் பார்க்காமல் சொன்னார்: “இது ஒட்டினது இல்ல. வெட்டாத மடிப்பு. அச்சகத்துலேர்ந்து வந்தது வந்தபடியே இருக்கு. துணியில இந்த மடிப்பைப் பாத்தா, யாரும் போட்டுப் பாக்காத துணின்னு அர்த்தம்.” புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, “நான் படம் மட்டும்தான்யா பாத்தேன்” என்றார்.

ஒரு சங்கிலியில் முதல் கண்ணி விட்டால் மீதி தானாக விடும். டாக்டர் தன் செருப்பைக் கவனித்தார். பேங்க் சார், “முன்னுரை மிக விரிவா இருந்துச்சு. அதுலயே எல்லாம் புரிஞ்சிடும்” என்றார். பிறகு, “நூத்துப் பன்னெண்டு” என்றார், சாட்சிக்கூண்டில் நிற்பவர் மாதிரி. அவருடைய பென்சில் கோழைகளும் அந்தப் பக்கத்தோடு நின்றிருந்தார்கள்.

டிரைவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்போ, பாலம் இதுல இருக்கா இல்லையா, உங்களுக்கும் தெரியாதா முதலாளி?”

மூன்று மாதம். ஸ்கேல் வைத்து, வரி வரியாக, நானூறு பக்கம். நான் கீழே இறங்கிப் போய்ப் பதினெட்டு விலைக் கத்தியை எடுத்து வந்தேன். பில் போடவில்லை.

டெய்லர்தான் வெட்டினார். வாழ்நாளில் அவர் அவ்வளவு நேராக ஒரு காற்சட்டையையும் வெட்டியதில்லை. தாள்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நானூற்று ஒன்பதாம் பக்கத்தில் டிரைவரின் விரல் நின்றது. “இங்க பாலம்னு போட்டிருக்கு. எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு, நீங்க படிங்க” என்றார். அவருடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஸ்கேலை மட்டும் அவரே வரிக்கு அடியில் வைத்தார்.

நான் படித்தேன்.

“‘வாகனங்கள் யாவும் அதிகாலை மூன்று மணிக்குள் பாலத்தைக் கடந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் சமையல் பிரிவின் லாரி ஒன்று, பலமுறை எச்சரிக்கப்பட்டும்...’”

நிறுத்தினேன். அடுத்த வரியை என் கண் முன்கூட்டியே பார்த்துவிட்டது. சரக்கில் பழுது தெரிந்தால் அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைப்பது எங்கள் குடும்பப் பழக்கம். “மீதி என்னமோ ராணுவப் பாஷை, விடுங்க” என்று பக்கத்தைத் திருப்பப் போனேன். டிரைவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். லாரி ஓட்டிய கை.

“படிங்க.”

“‘...பலமுறை எச்சரிக்கப்பட்டும், எவ்விதக் காரணமும் இன்றி, கீழைக்கரையில் நாற்பது நிமிடம் நின்றிருந்தது. பாலத்தைத் தகர்ப்பது இதனால் தாமதமானது. ஓட்டுநர் பலவந்தமாக அனுப்பிவைக்கப்பட்ட பின்னரே பணி முடிந்தது. பின்வாங்கும் படையில் ஒழுங்கீனம் எந்த அளவுக்கு மலிந்திருந்தது என்பதற்கு இந்த ஓட்டுநர் தக்க உதாரணம்.’”

ஒரு மனிதரை எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம் முகத்துக்கு நேராகத் திட்டியதை அப்போதுதான் நேரில் பார்த்தோம். டாக்டர் ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

டிரைவர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

“நாப்பது நிமிஷமா? நான் பத்துன்னு இல்ல நெனச்சுட்டிருந்தேன். துப்பாக்கிக் கட்டையால வண்டிக் கதவை இடிச்சாங்க, அது ஞாபகம் இருக்கு. எவ்வளவு நேரம்ங்கறது போயிடுச்சு. நாப்பது நிமிஷம் நின்னிருக்கேன் முதலாளி!”

அதற்குப் பிறகும் என் வியாபார புத்தி அடங்கவில்லை. “அண்ணே, அந்தம்மாகிட்டக் காட்டறப்போ கடைசி வரியை மட்டும் விரலால மறைச்சுப் புடிச்சுக்குவோம். ஒழுங்கீனம்னு இருக்கு, பாக்க நல்லா இல்ல” என்றேன்.

“அந்த வரிதான் முதலாளி முக்கியம். என்னைப் புகழ்ந்து எழுதியிருந்தா, சொல்லி எழுத வெச்சதுன்னு சொல்லும். திட்டி எழுதியிருக்கான். நம்பும்.”

நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தும் எனக்கு இந்த நுணுக்கம் பிடிபட்டதில்லை.

துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். மற்ற மூவரும் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார்கள். போர்க்களத்தை உயரமான இடத்திலிருந்து கவனிக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகங்களின் முதல் நூறு பக்கத்துக்குள்ளும் இருக்கிறது.

மருந்துக்கடையில் வேறு ஆளில்லை. அந்தப் பெண் இவரைப் பார்த்ததும் வழக்கம் போல மாத்திரை அட்டையை எடுக்கத் திரும்பினார். டிரைவர் புத்தகத்தைக் கண்ணாடி மேசைமேல் விரித்து வைத்து, விரலால் இடத்தைக் காட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றார். பேசவில்லை. நானும் பேசவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அந்தப் பெண் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். மூன்றாம் முறை வரியில் விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்தார். சுவரைப் பார்க்கவில்லை.

“காரணம் இல்லாம நின்னதாப் போட்டிருக்கு.”

“எழுதினவருக்கு உங்கப்பாவைத் தெரியாதும்மா” என்றார் டிரைவர்.

“நாப்பது நிமிஷமும் என்ன பண்ணீங்க?”

“அண்டா எடுக்கப் போனவன் காதுல விழட்டும்னு ஹாரன் அடிச்சேன். வேற என்ன தெரியும் எனக்கு?”

நான் இருமல் மருந்து விளம்பரம் ஒன்றைத் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தேன். அதை முழுதும் படித்தேன். வேண்டுமானால் சீட்டுப் போட்டுத் தருகிறேன்.

“அண்டாவுக்காகவா போனாரு?” என்ற குரல் மட்டும் கேட்டது.

“புது அண்டா. ஒப்படைக்கும்போது எண்ணிக்கையில குறையும்னான். நான் போய் எடுத்துட்டு வர்றேன்னு சொன்னேன். வண்டியை விட்டு நீ இறங்காதடான்னு சொல்லிட்டு ஓடினான்.”

மாத்திரை அட்டை வந்தது. தள்ளிவிடப்படவில்லை. கையில் கொடுக்கப்பட்டது. “வேளைக்குப் போடறீங்களா?”

“அப்பப்போ மறந்துடறேன்.”

“மறக்கக் கூடாது மாமா” என்றார். அந்தச் சொல் வந்ததும் இருவருமே மாத்திரை அட்டையைக் குனிந்து பார்த்தார்கள், காலாவதித் தேதியைச் சரிபார்ப்பது போல.

அத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்தப் பெண் புத்தகத்தை மூடி, தடிமனைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே புத்தகம் சொல்றவரு? இது எப்படி இருக்கும்? முழுசாப் படிக்கலாமா?”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ‘இதற்குமேல் ஒரு பேச்சில்லை’. பக்கத்தில் டிரைவர் நின்றார்.

“தெரியாதும்மா” என்றேன். “நான் படிக்கல.”

கெட்ட வார்த்தை வெளியே வந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. எதிரே என் கடைப் பலகைகூடச் சாயவில்லை.

பின்னட்டையைத் திறந்து பார்த்தவர், “சீட்டுல முழுதும்னு எழுதியிருக்கீங்களே?” என்றார்.

“அது கையெழுத்துப் பயிற்சிம்மா.”

டிரைவர்தான் பதில் சொன்னார். “படிம்மா. ஆரம்பத்துல இழுக்கும். நூறு பக்கம் தாண்டிட்டா தானாப் போகும். ரெண்டாவது தளபதி சொல்றதை நம்பாத, மாத்தி மாத்திப் பேசுவான். பாலத்தைப் பத்தி அவ்வளவுதான், ஒரு பத்தி. ஆனா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாதான் அந்த ராத்திரி புரியும். நான் மிச்சத்தை முடிச்சுட்டுத் தர்றேன்.”

வட்டம் தொடங்கி ஆறு வருடம். உருப்படியான முதல் சிபாரிசு அன்றைக்குத்தான் நடந்தது, அதுவும் மருந்துக்கடையில்.

டிரைவர் இரண்டு மாதம் ஆகும் என்று நினைத்தோம். இரண்டே வாரத்தில் முடித்துவிட்டார். அந்தப் பெண் பத்து நாளில் முடித்தார். சீட்டில் எல்லாரும் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும் என்று டிரைவர் சொன்னார். டாக்டர், புரட்டிப் பார்த்த பக்கங்களைப் பாதியாகவாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று பேரம் பேசினார். படியவில்லை. டெய்லர் வரைபடங்களை எண்ணிப் பார்த்து, எழுத்து ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அவையும் பக்கங்கள்தான் என்று சாதித்தார். அது மட்டும் படிந்தது.

இப்போது அந்தச் சீட்டு இப்படி இருக்கிறது. டிரைவர், எண்ணூற்றுப் பன்னிரண்டு. மருந்துக்கடை, எண்ணூற்றுப் பன்னிரண்டு. பேங்க் சார், நூற்றுப் பன்னிரண்டு. பல் டாக்டர், அறுபத்து நான்கு. கடைக்காரர், இருபத்து மூன்று. டெய்லர், ஒன்பது.

நாங்கள் நால்வரும் படித்ததாகச் சொன்னது மூவாயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு பக்கம். படித்தது இருநூற்று எட்டு. நேற்று கடையில் கூட்டமில்லாத நேரத்தில் நான் ஒரு பதினொரு பக்கம் முன்னேறினேன், ஸ்கேல் வைத்து.

பாக்கி, மூவாயிரத்து இருபத்தொன்பது.